கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்திருக்கிறார்களா? வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்திலிருந்தோ வடக்கு, கிழக்கிலிருந்தோ கையில் ஒரு கடுதாசியோடு கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு முதன்முறை வரும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மாவின் இருதய வால்வு சத்திரசிகிச்சைக்காகப் பதுளையிலிருந்து அவரைக் கூட்டிவந்து, கிளினிக், பரிசோதனை, வாட்டு என்று எல்லாப் படியும் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்ட விஷயங்கள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கிடைக்கும் சிகிச்சை இலவசம், தரமானது. நாட்டின் மூத்த நிபுணர்கள் பலர் இங்கேதான் வேலை செய்கிறார்கள். ஆனால் 3000க்கும் மேற்பட்ட கட்டில்கள் உள்ள இடம். "எங்கள் அம்மா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. எந்த யூனிட், எந்த வாட்டு, என்ன இலக்கம் என்று சொன்னால் உடனே வழி காட்டுவார்கள். ஆகவே கடுதாசியும் இலக்கமும் எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

1. எந்த வைத்தியசாலை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

"கொழும்புக்கு எழுதியிருக்கு" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். கடுதாசியில் எழுதியிருக்கும் பெயரை ஊர் டொக்டரிடமே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புற்றுநோய் என்றால் மஹரகம. பிள்ளைகள் என்றால் பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே. கண் என்றால் லிப்டன் சுற்றுவட்டத்துப் பக்கம் தேசிய கண் வைத்தியசாலை. பல் என்றால் வார்ட் பிளேஸ். பிரசவமும் பெண் நோயும் என்றால் டி சொய்சா அல்லது காசல் வீதி. தேசிய வைத்தியசாலை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அது கொழும்பு 10இல், ஈ. டபிள்யூ. பெரேரா மாவத்தையில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு ரீஜண்ட் வீதி என்றால்தான் தெரியும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. கண்டி வைத்தியசாலையும் இப்போது தேசிய வைத்தியசாலைதான். கடுதாசியில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்தது, ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை. அரசாங்கத்தினுடையதுதான், ஆனால் அங்கே கட்டணம் உண்டு. இலவசம் என்று நினைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டு, பில் கையில் வந்த பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

2. அவசரம் என்றால் கொழும்புக்கு ஓடாதீர்கள்

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, கடும் இரத்தப்போக்கு என்றால் பக்கத்தில் இருக்கும் அரச வைத்தியசாலைக்குத்தான் முதலில் போக வேண்டும். மூளையில் இரத்தம் உறைந்து வரும் பக்கவாதத்துக்கு, உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஹட்டனிலிருந்து வேன் பிடித்துக் கொழும்பு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஊர் வைத்தியசாலையில் நிலைப்படுத்திவிட்டு, தேவை என்றால் அவர்களே கொழும்புக்குப் பேசி அம்புலன்ஸில் அனுப்புவார்கள். அப்படி வரும் நோயாளி வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. நீங்களாகக் கொண்டுவந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

3. வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதிகள் சிலவும். டொக்டரின் பரிந்துரைக் கடிதம், அதில் முத்திரையும் கையொப்பமும் திகதியும் இருக்கிறதா என்று பார்த்து. வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட், இதுவரை கிடைத்தவை எல்லாம். இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன் அறிக்கைகள் திகதி வரிசையில். எக்ஸ்ரே படம் இருந்தால் மடிக்காமல். இப்போது குடிக்கும் மருந்துகளை வெறும் பெயராக எழுதிக் கொண்டுவராமல், மருந்து அட்டைகளோடேயே கொண்டுவாருங்கள். "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் குளிசை அரை" என்று சொன்னால் எந்த டொக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. மருந்து ஒவ்வாமை இருந்தால் அதைச் சிவப்புப் பேனையால் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கூடவே ஒரு நல்ல தடித்த கொப்பி. கிளினிக் கொப்பியாக அதுதான் பல மாதம் பயன்படப்போகிறது. உறை போட்டு, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எழுதிவையுங்கள். எல்லாத் தாளையும் தொலைபேசியில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பேருந்தில் பை காணாமல் போனால் கைகொடுக்கப்போவது அதுதான்.

இப்போது பெரிய பொறி: பெயர். நம் பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். புஷ்பவதி ஓர் அறிக்கையில் புஸ்பாவதி ஆவார், இன்னொன்றில் தகப்பன் பெயரே நோயாளியின் பெயராகிவிடும். வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் அம்மாவின் பெயருக்குப் பதிலாக அப்பாவின் பெயரை மட்டும் அடித்துத் தந்துவிட்டார்கள். அந்த அறிக்கையைத் திருத்தி வாங்க ஒரு முழுப் பகல் போனது. சிகிச்சைக்கு இதனால் பெரிய இடைஞ்சல் வராமல் போகலாம், ஆனால் காப்புறுதிக்கோ, சிகிச்சைச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கோ போகும்போது அங்கே நிறுத்திவிடுவார்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே ஒரு துண்டில் பெரிதாக எழுதி, பதிவு செய்யும் ஒவ்வோர் இடத்திலும் நீட்டுங்கள். பழைய அட்டையும் புதிய 12 இலக்க அட்டையும் இரண்டும் இருந்தால், எல்லா இடத்திலும் ஒரே இலக்கத்தையே கொடுங்கள். அட்டையே இல்லாத தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. வந்து சேர்வது

ரயிலில் வருபவர்கள், உங்கள் ரயில் மருதானையில் நின்றால் அங்கேயே இறங்குங்கள். டீன்ஸ் வீதி வழியாக ஆட்டோவில் சில நிமிடம்தான். கோட்டையிலோ புறக்கோட்டையிலோ இறங்கினால், மருதானை வழியாகப் பொரளைக்குப் போகும் 103 பஸ், அல்லது டவுன்ஹால் பக்கம் போகும் 138 பஸ் பிடிக்கலாம். 138இல் வந்தால் டவுன்ஹாலில் இறங்கி லிப்டன் சுற்றுவட்டம் வரை நடக்க வேண்டும். நோயாளி நடக்க முடியாதவர் என்றால் பிக்மீ செயலியில் ஆட்டோ போடுங்கள், பேரம் பேசும் தொல்லை இல்லை. ஓட்டுநரிடம் "ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொல்லாமல் எந்தப் பிரிவு என்றும் சொல்லுங்கள். வாசல்கள் பல, ஒன்றிலிருந்து மற்றதுக்கு நல்ல தூரம்.

தங்குவதற்கு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெரிந்தவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிளினிக் நாளன்று விடியலிலேயே வரிசை தொடங்கிவிடும் என்பதால் முதல் நாள் இரவே கொழும்புக்கு வந்துவிடுவது நல்லது.

5. ஓ.பி.டி.யும் கிளினிக்கும்

பரிந்துரைக் கடிதம் இல்லாதவர்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு, அதாவது ஓ.பி.டி.க்குப் போக வேண்டும். பதிவுசெய்து துண்டு எடுத்து, டொக்டரைப் பார்த்தால், அவர் மருந்து தருவார், அல்லது பொருத்தமான கிளினிக்குக்கு எழுதுவார், அல்லது வாட்டில் அனுமதிப்பார். பரிந்துரைக் கடிதம் உள்ளவர்கள் நேரே அந்தக் கிளினிக்கின் பதிவு மேசைக்குப் போகலாம்.

ஒவ்வொரு நிபுணருக்கும் கிளினிக் நடக்கும் நாள் வேறு. வேறு நாளில் போனால் அந்த யூனிட்டில் உங்களைப் பார்க்க ஆள் இருக்காது. எனவே வெளியூரிலிருந்து புறப்படுவதற்கு முன்பு எந்த டொக்டரின் யூனிட், எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். வைத்தியசாலையின் பொது இலக்கம் 011 2691111. அதில் அழைத்துக் கிளினிக்குக்கு இணைக்கச் சொல்லலாம். இணைப்புக் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதித் தரும்போதே நாட்காட்டியைப் பாருங்கள். போயா, அரச விடுமுறை நாட்களில் கிளினிக் இருக்காது. அவசரத்தில் எழுதும்போது அந்த நாள் விழுந்துவிடுவது நடக்கிற விஷயம்தான், அங்கேயே சொன்னால் உடனே மாற்றித் தருவார்கள். வேலைநிறுத்தச் செய்தி ஏதும் உண்டா என்றும் முதல் நாள் இரவு பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் வைத்தியசாலையில் காசு கட்டி நிபுணரைப் பார்த்தால்தான், அதாவது சனல் பண்ணினால்தான், இங்கே நல்லபடியாகக் கவனிப்பார்கள் என்று ஊரில் பலர் சொல்வார்கள். அவசியமில்லை. ஒரு நிபுணரை சனல் பண்ணி அவரிடமே கடிதம் வாங்கினால் எந்த யூனிட் என்ற குழப்பம் குறையும், அவ்வளவுதான். சில ஆயிரம் ரூபாய் கையில் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் கடன் வாங்கிச் செய்ய வேண்டாம், ஓ.பி.டி. வழியும் அதே நிபுணரிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாசலில் நின்று "நான் நம்பர் எடுத்துத் தருகிறேன், டொக்டரைத் தெரியும்" என்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். துண்டுக்குக் காசு கிடையாது.

6. பரிசோதனைகள்

வெறும் வயிற்றுச் சீனிப் பரிசோதனைக்கு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் வர வேண்டும். கொழுப்புப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் 12 மணி நேரம் சொல்வார்கள். தண்ணீர் குடிக்கலாம். இரவு பஸ்ஸில் வருபவர்கள் இதைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுங்கள். வழியில் பால் தேநீர் குடித்துவிட்டால் அன்றைய பரிசோதனை வீண்தான்.

ஸ்கேன் போன்றவற்றுக்குத் திகதி தள்ளிப்போகலாம். வெளியே காசு கொடுத்து எடுக்கலாமா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். டொக்டரிடம் "இந்தத் திகதி வரை பொறுக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். பொறுக்கலாம் என்றால் பொறுங்கள், காசு மிச்சம். பொறுக்க முடியாது என்றால் அவர்களே திகதியை முன்னுக்கு எடுக்கப் பார்ப்பார்கள்.

வால்வு சத்திரசிகிச்சைக்கு ஒரு விசேஷம் உண்டு. பல் டொக்டர் பார்த்து, சொத்தை எதுவும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். பல்லில் உள்ள கிருமி இரத்தம் வழியாக வால்வுக்குப் போய்விடும் என்பதுதான் காரணம். இதைக் கொழும்பில் செய்யக் காத்திராமல் உங்கள் ஊர் வைத்தியசாலையின் பல் பிரிவிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். பல் பிடுங்கினால் ஆற நாளாகும், சத்திரசிகிச்சைத் திகதியும் அதற்கேற்பத் தள்ளும்.

அஸ்பிரின், வார்ஃபரின் போல இரத்தத்தை ஐதாக்கும் மருந்து குடிப்பவர்கள், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து.

7. வாட்டில்

அனுமதித்ததும் நோயாளிக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். பி.எச்.டி. (BHT) இலக்கம் என்பார்கள், கட்டில் தலைமாட்டில் இருக்கும் நோயாளியின் டிக்கட்டின் (Bed Head Ticket) இலக்கம் அது. அதையும் வாட்டு எண்ணையும் உடனே தொலைபேசியில் பதிந்து, வீட்டார் எல்லோருக்கும் அனுப்புங்கள்.

நகை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், தாலி உட்பட. சத்திரசிகிச்சைக்கு எப்படியும் கழற்றச் சொல்வார்கள், கடைசி நேரத்தில் அந்த மனக்கஷ்டம் வேண்டாம். சவர்க்காரம், துவாய், சாரம் அல்லது கவுன், தண்ணீர்ப் போத்தல், கோப்பை, கரண்டி, ஒரு போர்வை, சார்ஜர் போதும். சாப்பாடு வைத்தியசாலை தரும்.

பார்வையாளர் நேரம் மதியம் 12 மணியளவிலும் மாலை 5 மணியளவிலும் இருக்கும். வாட்டு வாசலில் எழுதியிருப்பதே சரியான நேரம். துணைக்கு நிற்க வேண்டும் என்றால் வாட்டில் கேட்டுப் பாஸ் எடுக்க வேண்டும். பெண்கள் வாட்டில் ஆண் துணை நிற்க முடியாது என்பதால் ஊரிலிருந்து புறப்படும்போதே அக்காவோ மருமகளோ யாராவது கூட வர ஏற்பாடு செய்யுங்கள்.

டொக்டரோடு பேசச் சரியான நேரம், காலை வாட்டு ரவுண்ட் முடிந்த பிறகு. பெரிய டொக்டர் கிடைக்காவிட்டாலும், அவருக்குக் கீழே வேலை செய்யும் டொக்டர்களான ரெஜிஸ்ட்ராரோ ஹவுஸ் ஒபிசரோ இருப்பார். கேட்க வேண்டியதைக் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு கேளுங்கள்: என்ன நோய், என்ன செய்யப்போகிறீர்கள், எப்போது, எங்கள் பக்கத்திலிருந்து என்ன தேவை. இந்த நான்கும் போதும்.

இரத்தம் தேவை என்றால் காசு கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்து இலவசமாகக் கிடைப்பது. பதிலுக்கு ஆள் கொண்டுவா, காசு கொடு என்று யாராவது கேட்டால் வாட்டில் உள்ள சிஸ்டரிடம் உடனே சொல்லுங்கள்.

விபத்தில் வந்தவர்கள் என்றால் வைத்தியசாலையில் உள்ள பொலிஸ் பதிவு முக்கியம். பின்னால் காப்புறுதி, நட்டஈடு எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். எந்தப் பொலிஸ் நிலையம், என்ன இலக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

8. மொழி

நம்மவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான், எனக்கும் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. தமிழ் அரசகரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அதை வாங்க அங்கே சண்டை போடத் தேவையில்லை, கேட்கத் தெரிந்தால் போதும். "மட்ட சிங்கள தேரென்னே நே, தெமல தன்ன கெனெக் இன்னவாத?" சிங்களம் விளங்காது, தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று அர்த்தம். இதைத் துணைக்கு வருபவர் மட்டுமல்ல, நோயாளியும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு நோயாளி அங்கே தனியாகத்தான் இருக்கப்போகிறார். தாதிமாரை "மிஸ்" என்று அழையுங்கள்.

இளம் டொக்டர்களில் தமிழ் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவ மாணவர்களும் வாட்டில் நிற்பார்கள், இது போதனா வைத்தியசாலை. அவர்கள் வந்து கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அம்மாவுக்கு வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் படம் வரைந்து காட்டியவர் ஒரு மாணவிதான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரம். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து உண்டு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழில் கேட்டு விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர் என்றால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் விளக்கும்படி முதல் நாளே கேட்டுவையுங்கள். "எல்லாரும் போட்டார்கள், நானும் பெருவிரல் வைத்தேன்" என்ற நிலை நம் அப்பா அம்மாவுக்கு வரக் கூடாது.

9. காசு எங்கே செலவாகும்

டொக்டர், வாட்டு, சத்திரசிகிச்சை, சாப்பாடு எதற்கும் கட்டணம் இல்லை. காசு கட்டித் தங்கும் மெர்ச்சண்ட்ஸ் வாட்டு தனி, நீங்கள் கேட்டால் மட்டும்தான் அது. செலவு வருவது பயணம், தங்குமிடம், துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, அப்புறம் இருப்பில் இல்லாத மருந்து. வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தந்தால், லிப்டன் சுற்றுவட்டத்தருகே உள்ள அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் விசாரியுங்கள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயரில் வரும், விலையும் பெரிதாக மாறும். மலிவான வகை போதுமா என்று எழுதித் தந்த டொக்டரிடமே கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய சிகிச்சைகளில் செலவு வருமானால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்க முடியும், அதற்காகக் கொழும்பு வர வேண்டாம். டொக்டர் நிரப்பி முத்திரை வைக்க வேண்டிய பகுதியும், கிராம உத்தியோகத்தர் வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டிய பகுதியும் இருக்கும். சிகிச்சை முடிந்த பிறகு பார்ப்போம் என்று விடாமல், திகதி கிடைத்ததுமே ஆரம்பியுங்கள். வீட்டில் அரச ஊழியர் இருந்தால் அக்ரஹார காப்புறுதியில் பெற்றோருக்கும் உரித்து உண்டா என்று அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

10. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள்

வீட்டுக்குப் போகலாம் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் மனம் வரும். டயக்னோசிஸ் கார்ட் எழுதி முடிய மதியம் தாண்டலாம், எனவே ரயில் டிக்கட்டை மறுநாளைக்கே எடுங்கள். கார்ட் கைக்கு வந்ததும் வாட்டை விட்டு வெளியேறும் முன் சரிபாருங்கள்: பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், மருந்தின் அளவு, அடுத்த கிளினிக் திகதி. வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் தேவை என்றால் அன்றே கேளுங்கள். பிறகு அதற்காக மட்டும் ஊரிலிருந்து வருவது பெரும்பாடு.

தையல் எப்போது, எங்கே வெட்டுவது, காய்ச்சல் வந்தாலோ காயம் சிவந்தாலோ என்ன செய்வது என்று கேளுங்கள். செயற்கை வால்வு போட்டவர்கள் வார்ஃபரின் குடிக்க வேண்டியிருக்கும், உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க. அதற்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். அதை ஒவ்வொரு தடவையும் கொழும்பில் செய்யத் தேவையில்லை. "எங்கள் ஊர் வைத்தியசாலைக்குக் கிளினிக்கை மாற்றி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் கொழும்புத் திகதியே தொடரும். அம்மாவுக்கு இப்போது பரிசோதனையும் மருந்தும் பதுளையில், கொழும்புக்கு எப்போதாவதுதான்.

டயக்னோசிஸ் கார்ட்டைப் பிரதிகள் எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லெமினேட் செய்துவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் அதிலேயே ஏதாவது எழுதி, முத்திரை வைக்க வேண்டிவரும்.